ஹோம்ஸ்டேயில் புகையும் மதுவும்: விருந்தினருக்கு விதி எழுதுவதும் நடத்திக் காட்டுவதும்

மலையூர் ஹோம்ஸ்டேக்களில் அறைக் கதவுக்குப் பின்னால் ‘நோ ஸ்மோக்கிங், நோ டிரிங்கிங்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் படித்த விருந்தினர் சிகரெட்டை விட்டுவிடுவதில்லை. பாத்ரூம் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டு அங்கே பிடிக்கிறார். சாம்பல் சோப்புத் தட்டில் விழுகிறது, சிகரெட் துண்டு கம்மோடுக்குள் போகிறது. பாட்டிலும் அப்படித்தான். கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது, விளக்கை அணைத்துவிட்டு அவசர அவசரமாகக் குடிக்கிறார்கள், காலையில் அது ஜன்னல் வழியே தேயிலைச் சரிவில் போய் விழுகிறது. ‘கூடாது’ என்று மட்டும் சொல்லி ‘எங்கே’ என்று சொல்லாத விதி, பழக்கத்தை வீட்டின் ஆபத்தான மூலைக்குத் தள்ளிவிடும்.

ஆகவே எந்த விதியை எழுதினாலும் அதில் இடம், நேரம், மீறினால் ஆகும் தொகை மூன்றும் இருக்க வேண்டும். மூன்றும் அட்வான்ஸ் வாங்கும் முன்பே விருந்தினர் கைக்குப் போயிருக்க வேண்டும். கீழே உள்ளவை நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடுபவர்களை மனதில் வைத்து எழுதியவை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்திலும் உச்சவரம்பு 6 அறை, 12 படுக்கைதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

புகைக்கு 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், அதன் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகள். பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். ஓட்டலும் பொது இடம்தான். உள்ளே தனியாகப் புகைக்கும் பகுதி ஒதுக்க 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள ஓட்டலுக்குத்தான் அனுமதி. காசு வாங்கிக்கொண்டு வெளியாரைத் தங்கவைக்கும் ஆறு அறை வீட்டை இந்தச் சட்டத்துக்கு வெளியே இருப்பதாக நினைத்துக்கொள்வது வீண் துணிச்சல். ‘ஒரு ரூமை மட்டும் ஸ்மோக்கிங் ரூம் ஆக்கிவிடலாம்’ என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். உள்ளே ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் வைப்பதும் விதிக்கு முரண். ஆஷ்ட்ரேயை மேசையில் வைத்துவிட்டுச் சுவரில் ‘புகைக்காதீர்’ என்று எழுதினால் விருந்தினர் ஆஷ்ட்ரேயைத்தான் நம்புவார். அறிவிப்புப் பலகை 60 செ.மீ.க்கு 30 செ.மீ., வெள்ளைப் பின்னணி. நுழைவாயிலிலும் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும், புகார் யாரிடம் சொல்வது என்ற பெயரும் அதில் வேண்டும். புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் நடந்த மீறல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபராதம் அவர் தலையில் விழும்.

மதுவில் கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. விருந்தினர் தாமே வாங்கி வந்ததைத் தம் அறையில் அருந்துவது ஒன்று. நீங்கள் விற்பது, வாடகையோடு சேர்த்து ஊற்றிக் கொடுப்பது, வெளியாள் வந்து குடிக்க இடம் விடுவது முற்றிலும் வேறு. அதற்கு உரிமம் வேண்டும், உரிமம் இல்லாமல் செய்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 பாயும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். அதற்குப் பிறகு கேட்பவருக்காக நாலு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருப்பது உபசாரமாகத் தோன்றலாம். போலீஸ் கண்ணுக்கு அது கள்ள விற்பனை. 21 வயது நிரம்பாதவருக்குத் தமிழ்நாட்டில் மது விற்கக் கூடாது. கல்லூரி மாணவர் கும்பல் வரும்போது அடையாள அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சாவுக்கும், கொடைக்கானல் பக்கம் ரகசியமாகக் கைமாறும் ‘மேஜிக் மஷ்ரூம்’ என்ற போதைக் காளானுக்கும் விதியில் இடம், நேரம் எதுவும் கிடையாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பிரிவு 25-இன்படி, தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே. இதை விதித்தாளில் தனி வரியாக, தடித்த எழுத்தில் போடுங்கள். கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வெளியேறச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் இரக்கம் காட்டினால் வீடே போகும்.

புகைக்கு இடம் குறிப்பது

வெளியே ஓர் இடம். எந்த ஜன்னலிலிருந்தும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி, காற்று வீட்டை நோக்கி அடிக்காத பக்கம். நீலகிரியில் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கமாக அடிக்கும், வடகிழக்குப் பருவம் வந்தால் திசை மாறும். ஜூலையில் சரியாக இருந்த பெஞ்சிலிருந்து நவம்பரில் புகை குழந்தைகள் படுக்கும் அறைக்குள் வரலாம். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பெஞ்சில் வைத்துவிட்டு, அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து நில்லுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடத்தை ரொம்பத் தூரத்திலும் போடக் கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இரவில் கரடியும் காட்டுமாடும் வீட்டுப் படி வரை வரும். வால்பாறை என்றால் சிறுத்தை, யானை. போதையில் ஒருவர் தீக்குச்சி வெளிச்சத்தில் தேயிலை ஓரம் நடந்து போவதைவிட, ஜன்னலுக்குக் கொஞ்சம் அருகில் நின்று பிடிப்பது மேல். வாசல் விளக்கின் வெளிச்ச வட்டத்துக்குள், கதவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சின்னத் தகரக் கூரை அவசியம். மழை பெய்தால் யாரும் பெஞ்சுக்குப் போக மாட்டார்கள், பாத்ரூமுக்குத்தான் போவார்கள்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஓட்டை அடைத்த மண் தொட்டி. அதில் 10 செ.மீ. உயரத்துக்கு ஆற்று மணல். தண்ணீர் ஊற்றிய டப்பா வேண்டாம். இரண்டு நாளில் அது கறுத்து நாறும், யாரும் கிட்டே போக மாட்டார்கள், துண்டுகள் செடிக்குள் பறக்கும். மணலை வாரம் ஒருமுறை சலித்துத் துண்டுகளைக் குப்பையில் போடுங்கள். சிகரெட்டின் பஞ்சு பார்வைக்குப் பருத்தி மாதிரி இருந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். உரக்குழியில் போட்டால் மட்காது. தொட்டியைச் சுற்றி இரண்டு மீட்டருக்குச் சருகு இருக்கக் கூடாது. பிப்ரவரி முதல் மே வரை கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸின் சருகும் பைன் ஊசிகளும் எண்ணெய் தடவிய காகிதம் போலப் பற்றும். கேஸ் சிலிண்டர், விறகு அடுக்கு, நிறுத்திய வண்டிகள் இவற்றின் பக்கமும் வேண்டாம்.

பால்கனியை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கூரை உள்ள பால்கனியில் பிடித்தால் புகை மேலே முட்டி, அடுத்த அறையின் ஜன்னலுக்குள் இறங்கும். திறந்த கதவு வழியே அதே அறையின் திரைச்சீலையிலும் ஏறும். ஆகவே பால்கனியும் கூடாது. விதியில் ‘வீட்டுக்குள் கூடாது’ என்று பொதுவாக எழுதினால் ‘பால்கனி உள்ளேயா வெளியேயா’ என்ற வாக்குவாதம் நிச்சயம். ‘அறை, பாத்ரூம், பால்கனி, மாடிப்படி’ என்று நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அதேபோல் ‘சிகரெட், பீடி, சுருட்டு, வேப், ஹூக்கா’ என்று ஐந்தையும் எழுதுங்கள். வேப் என்ற மின்சிகரெட்டைப் பிடிப்பவர் அதைப் புகை என்றே எண்ணுவதில்லை. 2019 முதல் நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை இருந்தும் பைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஹூக்கா கொண்டுவருபவர் கரித்துண்டுகளையும் சேர்த்தே கொண்டுவருகிறார், அதனால் ஆபத்து இரட்டை.

படுக்கை அறைகளில் ஸ்மோக் டிடெக்டர் பொருத்துங்கள், ஆனால் அது சிகரெட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். ஒற்றைச் சிகரெட்டுக்கு அது பெரும்பாலும் அலறாது. மெத்தை புகையத் தொடங்கும்போது உயிரைக் காப்பதற்குத்தான் அது. அறை மாறும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஷவர் தொப்பியோ பிளாஸ்டிக் பையோ மாட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கண்காணிப்புக் கேமரா வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் மட்டும், அதுவும் முன்பே சொல்லிவிட்டு. அறைப் பதிவுத் தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் முதல் வீட்டுக்குள் எந்தக் கேமராவையும் அனுமதிப்பதில்லை.

மதுவுக்கு வரம்பு

முதலில் உங்கள் வீடு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். நீங்களும் பெற்றோரும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருந்து, சாப்பாட்டு மேசையும் பொதுவாக இருந்தால் ‘மது சொந்த அறையில் மட்டும், கூடத்திலும் சாப்பாட்டு மேசையிலும் கிடையாது’ என்பது நியாயமான விதி. முழு வீட்டையும் ஒரே குழு எடுக்கும்போது அதே விதியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கூடத்தில் உட்கார்ந்து குடித்தால் பத்துப் பேர் ஒரு படுக்கை அறைக்குள் நெருக்கியடித்துக் கம்பளியில் கொட்டுவதாவது தவிரும். முழுத் தடை வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் அப்படியானால் தலைப்பிலேயே ‘மது அருந்த அனுமதி இல்லாத குடும்ப வீடு’ என்று எழுதிவிடுங்கள். கொஞ்சம் பதிவு குறையும், வருபவர் அதைத் தெரிந்துகொண்டே வருவார். தலைப்பில் ஒன்றும் சொல்லாமல் செக்-இன் நேரத்தில் சொல்வது ஏமாற்று. நான்கு மணி நேரம் மலையேறி வந்தவருக்குக் கோபம் வருவதில் தப்பில்லை.

‘பேச்சுலர்களுக்கு அறை இல்லை’ என்ற பழைய வழக்கத்தைவிட நடத்தைக்கு விதி போடுவது பலன் தரும். கூச்சல் போடும் குடும்பங்கள் உண்டு, சத்தமில்லாமல் இரண்டு பெக் போட்டுத் தூங்கும் இளைஞர்களும் உண்டு. பெண் விருந்தினர் புகைத்தாலோ குடித்தாலோ விதி அதே விதிதான். அதைப் பற்றி ஒரு பார்வையோ பேச்சோ வீட்டு ஆட்களிடமிருந்து வரக் கூடாது என்று கேர்டேக்கரிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

கேர்டேக்கர் விஷயம்தான் பல வீடுகளில் விதியை உள்ளிருந்து அரிக்கிறது. ‘அண்ணா, ரெண்டு குவார்ட்டர் வாங்கிட்டு வந்துடுங்க, மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க’ என்று விருந்தினர் நோட்டை நீட்டுவார். அந்த மிச்சம்தான் விற்பனை லாபம் என்று வழக்கு ஆகக்கூடியது. நாலு வாரத்தில் அவர் தாமாகவே நாலு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்வார், பிறகு விருந்தினரோடு உட்காரவும் செய்வார். இரவு ஒருவருக்கு முடியாமல் போனால் வண்டியெடுக்க வீட்டில் நிதானமான ஆள் இருக்காது. மூன்றே வரி: வாங்கித் தரக் கூடாது, ஊற்றித் தரக் கூடாது, உடன் குடிக்கக் கூடாது. இதை விருந்தினருக்குப் போகும் தாளிலும் எழுதுங்கள். ‘எங்க ஓனர் விட மாட்டாருங்க சார்’ என்று சொல்லிவிட அவருக்கும் வசதி.

குவளை, ஐஸ், தண்ணீர் கொடுப்பதில் தவறில்லை. புல்வெளிக்கு எவர்சில்வர் டம்ளர் மட்டும். புல்லில் உடைந்த கண்ணாடியை முழுதாகப் பொறுக்கவே முடியாது. மறுநாள் வரும் குழந்தையின் காலிலோ, இரவில் மேய வரும் காட்டுமாட்டின் குளம்பிலோ அது ஏறும். காட்டு விலங்குகளுக்கு இப்படி நேர்ந்ததால்தான் நீலகிரியில் 2022 மே மாதம் காலிப் பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருவார்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கிரேட் வைத்து ‘காலிப் பாட்டில் இங்கே, பத்து ரூபாய் வீட்டு வேலைக்காரருக்கு’ என்று எழுதுங்கள். கட்டிலுக்கு அடியில் உருள்பவை பாதியாகக் குறையும்.

சமையல் நேரமே நல்ல கடிவாளம். இரவுச் சாப்பாட்டை எட்டரைக்கு மேசையில் வைத்து, ஒன்பதரைக்கு அடுப்பை மூடுவோம் என்று விதியிலேயே போடுங்கள். வயிறு நிறைந்தவர் மெதுவாகக் குடிப்பார், போதையும் மெதுவாக ஏறும். சைட் டிஷ் கேட்கக் கேட்க வறுத்துக் கொடுக்கும் வீட்டில் பந்தி நள்ளிரவு தாண்டும், சமையல்கார அம்மாவும் அதுவரை கண்விழிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு விஷயத்தை விருந்தினரிடம் வாய்விட்டே சொல்லுங்கள். ‘குளிருக்கு ரெண்டு பெக்’ என்பது உடலை ஏமாற்றும். மது தோலடி ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறியது போல இருக்கும், உண்மையில் உடம்பின் சூடு வெளியே போகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில் புல்வெளியில் படுத்துத் தூங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து கரி. பார்பெக்யூ முடிந்து, மீதிக் கனலோடு அடுப்பைக் குளிருக்கு இதமாக அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துக்கொண்டு போவார்கள். கதவு சாத்திய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குடித்துவிட்டுத் தூங்குபவருக்குத் தலைவலித்து விழிப்பும் வராது. அடுப்பு வெளியிலேயே நிற்க வேண்டும், கேர்டேக்கர் தண்ணீர் ஊற்றி, கிளறி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகே படுக்கப் போக வேண்டும். கேம்ப்ஃபயருக்கும் அதே நடைமுறை: மூட்டுவதும் அணைப்பதும் வீட்டு ஆள், ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். ஏற்கெனவே போதையில் இருக்கும் குழுவுக்குத் தீ மூட்டிக் கொடுக்காதீர்கள்.

டிரைவர்கள் விதிக்கு வெளியே விழுந்துவிடுவதும் உண்டு. டெம்போ டிராவலரில் வரும் குழுவின் டிரைவர் விருந்தினர் பட்டியலில் இருக்க மாட்டார், வண்டியிலேயே படுப்பார், நள்ளிரவில் யாராவது அவருக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் கொடுங்கள், அவருக்கும் தாளைக் கொடுங்கள். கணக்கையும் சொல்லுங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 30 மில்லி ஸ்மால் ஆறு. உடம்பு மணிக்குச் சுமார் ஒரு ஸ்மால் அளவைத்தான் எரிக்கும், பலருக்கு அதுகூட முடியாது. இரவு 12 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர் காலை ஆறு மணிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இன்னும் சட்ட வரம்புக்குள் வராமல் இருக்கலாம். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. ஏற்காட்டுக்கு 20 வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. கீழே போகிறவர்கள் உங்கள் வீட்டிலிருந்து போகிறவர்கள்.

எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது

மூன்று முறை சொல்ல வேண்டும். பதிவுத் தளத்தின் ‘ஹவுஸ் ரூல்ஸ்’ பகுதியில் ஒருமுறை, அட்வான்ஸ் வாங்கும் முன் வாட்ஸாப்பில் ஒருமுறை, சாவி கொடுக்கும்போது வாயால் ஒருமுறை. வாட்ஸாப் செய்திக்கு ‘சரி’ என்று பதில் வந்த பிறகே பணம் அனுப்பும் எண்ணைக் கொடுங்கள். அந்த ஒற்றைச் ‘சரி’தான் பின்னால் உங்களுக்கு ஆதாரம். செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம். நாங்களும் குழந்தைகளோடு இதே வீட்டில்தான் இருக்கிறோம். பதிவுக்கு முன் இதைப் படித்துவிட்டுச் ‘சரி’ என்று அனுப்புங்கள். அறை, பாத்ரூம், பால்கனி, மாடிப்படியில் சிகரெட், பீடி, சுருட்டு, வேப், ஹூக்கா கூடாது. வாசலுக்கு வலப்பக்கம் கூரை போட்ட பெஞ்சில் புகைக்கலாம். மது, 21 வயது நிரம்பியவர்கள் தங்கள் அறையில் மட்டும். நாங்கள் விற்பதில்லை, எங்கள் ஆட்கள் வாங்கித் தர மாட்டார்கள். பதிவில் பெயர் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே பாட்டு, பேச்சுச் சத்தம் கூடாது. கஞ்சா போன்றவை இருந்தால் உடனே வெளியேற வேண்டும், பணம் திரும்பாது. அறைக்குள் புகைத்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு ரூ. 3,500. முன்வைப்பு (டெபாசிட்) ரூ. 3,500, கிளம்பும்போது அறையைச் சேர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிவிடுவோம்.”

அந்த 3,500 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். உதாரணமாகத் திரைச்சீலை, கம்பளி சலவை 600, இரண்டு பேர் அரை நாள் வேலை 800, அறை ஒரு நாள் காலியாகக் கிடக்கும் இழப்பு 2,500. ஆக 3,900. அதற்குச் சற்றுக் குறைத்துப் போட்டால் வழக்குக்கு இடமில்லை. உங்கள் ஊர்க் கூலியையும் உங்கள் வாடகையையும் போட்டு நீங்களே கணக்கெடுங்கள். பயமுறுத்துவதற்காக ‘அபராதம் ரூ. 20,000’ என்று எழுதுபவர்கள் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி முன்பே ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். வாங்கவே முடியாத தொகையை எழுதினால் விதி முழுவதும் வெறும் மிரட்டல் என்று விருந்தினர் எடுத்துக்கொள்வார். ‘அபராதம்’ என்ற சொல்லைவிடச் ‘சுத்தம் செய்யும் செலவு’ என்பதே பொருத்தம்.

டாஸ்மாக் மூடும் நாட்களையும் செய்தியில் சேர்த்துவிடுங்கள்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. இவற்றில் சில நீள் வார இறுதிகளில் வரலாம். தெரியாமல் வந்தவர்தான் கேர்டேக்கரைக் கள்ளச் சரக்குக்கு அனுப்பப் பார்ப்பார்.

இரவு மீறினால்

பத்து மணிக்கு ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள், போனில் கத்த வேண்டாம். ‘சார், பத்தாயிடுச்சு. பக்கத்து ரூம்ல குழந்த தூங்குது. உள்ள போய்ப் பேசிக்கிறீங்களா? தண்ணி வேற வேணுமா?’ என்பது போதும். தண்ணீர் கேட்பது சும்மா இல்லை, அவர்களுக்கு உள்ளே போக ஒரு சாக்கு. குடித்தவரோடு நியாயம் பேசாதீர்கள். குழுவில் நிதானமாக இருக்கும் ஒருவரைத் தனியே அழைத்து அவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். அவர் யார் என்பதைச் செக்-இன் நேரத்திலேயே கண்டுபிடித்துப் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் முறை போக நேர்ந்தால் ‘நாளை காலை எட்டு மணிக்கு அறையைக் காலி செய்துவிடுங்கள்’ என்று சொல்லி அதையே வாட்ஸாப்பிலும் அனுப்புங்கள். நள்ளிரவில் போதையில் இருப்பவர்களை மலைப்பாதையில் இறக்கிவிடக் கூடாது, எவ்வளவு கோபம் வந்தாலும். கைகலப்பு, மிரட்டல் என்று போனால் 112.

ஒருவர் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கியிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலிருக்கும் காலை மடித்து விடுங்கள். மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். காபி, எலுமிச்சை, மோர், குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் போதையைக் குறைக்காது. எழுப்பினால் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு இடையே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம், தோல் சில்லிட்டிருக்கிறது: இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

அறையில் புகைத்திருந்தால்

சோதிப்பதை விருந்தினர் கிளம்பும் முன், அவர் எதிரிலேயே செய்யுங்கள். ‘சார், ரூமை ஒரு தடவ பாத்துட்டு டெபாசிட்ட திருப்பிப் போட்டுடறேன்’ என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஜன்னலுக்கு வெளியே, கீழே பாருங்கள். துண்டுகள் அங்கேதான் கிடக்கும். பிறகு ஜன்னல் சட்டத்தின் பள்ளம், கொசுவலையில் பொத்தல், சோப்புத் தட்டில் பழுப்பு வட்டம், படுக்கை விரிப்பில் கருகிய ஓரமுள்ள சிறு ஓட்டை. அறை முழுக்க டியோடரன்ட் மணந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அதுவே ஆதாரமாகாது. வாசனையை முகர்வதற்குச் சிகரெட் பழக்கம் உள்ளவரை அனுப்பாதீர்கள், அவர் மூக்குக்குத் தெரியாது. வெளியே காற்றில் சற்று நேரம் நின்றவர் நேராக வந்து தலையணை உறையையும் திரைச்சீலை மடிப்பையும் முகர வேண்டும். அறைக் காற்று சீக்கிரம் மாறிவிடும், துணி விடாது.

சுத்தம் செய்யும் வரிசை இது. எல்லா ஜன்னலையும் திறந்து விசிறியைப் போடுங்கள். திரைச்சீலை, விரிப்பு, உறை, கம்பளி அனைத்தையும் கழற்றுங்கள். பருத்தித் துணியை வெந்நீரில், வழக்கமான சோப்புத் தூளோடு அரைக் கோப்பை ஆப்பசோடா சேர்த்துத் துவையுங்கள். கம்பளியை வெந்நீரில் போடாதீர்கள், சுருங்கிவிடும். வெயிலில் உதறிப் போட்டால் போதும். இரட்டை மெத்தைக்கு 250 கிராம் ஆப்பசோடாவைச் சலித்துத் தூவி, எட்டு மணி நேரம் விட்டு வாக்குவம் கிளீனரால் இழுத்துவிட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கமும் செய்யுங்கள். சுவர், கதவு, மரப்பலகைக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு வெதுவெதுப்பான நீர். நிகோட்டின் காரத்தன்மை உள்ளது, அதனால்தான் புளிப்பான வினிகரில் கரைந்து வருகிறது. துணியை நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைத்துவிட்டு வெறும் நீரில் ஒருமுறை துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் பழுப்பு நீர் வழிந்து சுவரில் கோடு விழும். பழைய ஊட்டி பங்களாக்களின் மரச்சுவரை ஊறவிடாதீர்கள், உப்பிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் விசிறி இறக்கையையும் விளக்கின் குமிழையும் மறந்துவிடுகிறார்கள். குமிழ் சூடானதும் பழைய வாசனை மறுபடி கிளம்பும். ரூம் ஸ்பிரே அடிப்பதால் ஒன்றும் போகாது, இரண்டு வாசனை சேர்ந்து மூன்றாவது ஒன்றாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் துணி காய இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே திரைச்சீலையிலும் கம்பளியிலும் அறைக்கு ஒரு மாற்று ஜோடி கையிருப்பில் வையுங்கள்.

முன்வைப்பில் கழிப்பதாக இருந்தால் விருந்தினரிடம் காட்டி, படம் எடுத்து, தொகையைச் சொல்லிக் கழியுங்கள். பேசாமல் பிடித்துக்கொண்டு அவர் மேட்டுப்பாளையம் தாண்டிய பிறகு செய்தி அனுப்பாதீர்கள். பதிவுத் தளம் வழியே கேட்க வேண்டியிருந்தால் காலக்கெடு குறுகியது. ஏர்பிஎன்பியில் விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் கோரிக்கை போக வேண்டும். நேரம் பதிந்த படங்கள், சலவை ரசீது, கூலி கொடுத்த யுபிஐ பதிவு, ‘சரி’ என்று அவர் அனுப்பிய வாட்ஸாப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், இவை நான்கையும் அன்றைக்கே ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.